கை தூக்காதவர்கள்

உள்ளே முரசு நின்றுவிட்டது. முரசு நின்றால் இன்னும் பதினோரு நிமிடம். நேற்று நான்கு காட்சியிலும் பார்த்து வைத்திருக்கிறேன். முதலில் சுவரைத் தாண்டி ஒரு சத்தமும் வராது. பிறகு எவனாவது விசில் அடிப்பான், அவனை ஏழெட்டுப் பேர் சேர்ந்து வைவார்கள், அப்புறம் பக்கக் கதவின் தாழ்ப்பாள் இழுபடும். அதற்குள் நான் டோக்கன் பெட்டியை மடிக்கு இழுத்து, நாற்காலியை வழியைவிட்டு நகர்த்தி, நிமிர்ந்து உட்கார்ந்துவிட வேண்டும். எழுபத்துநாலு வயதில் தியேட்டர் வண்டி ஸ்டாண்டில் உட்கார்ந்திருப்பவன் நிமிர்ந்து உட்கார்ந்தால் என்ன, கூனி உட்கார்ந்தால் என்ன என்று யாரும் கேட்கலாம். போலீஸ் வேனிலேயே நிமிர்ந்து உட்கார்ந்தவன் நான். மேலும் இன்றைக்கு நிமிர்ந்து உட்காரத்தான் வேண்டும், ஏனென்றால் உள்ளே வெள்ளிங்கிரி இருக்கிறான். மதியம் இரண்டரைக்கு ஒரு பெண்பிள்ளை ஸ்கூட்டியில் வந்தாள், பின்னால் உட்கார்ந்திருந்த கிழவனை நான் முகத்தைப் பார்க்காமலே தெரிந்துகொண்டேன், இறங்கும்போது இடது தோளை முன்னால் தள்ளி இறங்குகிறவன் உலகத்திலேயே ஒருவன்தான். பேத்தி டோக்கன் வாங்கினாள். அவன் போஸ்டரைப் பார்த்துக்கொண்டு நின்றான். போஸ்டரை அத்தனை நேரம் பார்ப்பதற்கு அதில் ஒன்றுமில்லை. கடல், ஒரு பெண், அவளுக்குப் பின்னால் யாளி. என்னைப் பார்த்துவிட்டுத்தான் போஸ்டரைப் பார்த்தான். நான் அந்தப் பிள்ளையிடம், கடைசி வரிசைக்குப் போய் மதிலை ஒட்டி நிறுத்து கண்ணு என்று கை காட்டினேன். முன்வரிசையில் நாலு வண்டிக்கு இடம் இருந்தது. ஆனால் மதிலை ஒட்டி நிறுத்தினால் முன்னால் இருக்கிற இருநூறு வண்டியும் நகர்ந்த பிறகுதான் வெளியே எடுக்க முடியும், அதுவரைக்கும் அவன் என் முன்னால் நின்றாக வேண்டும். இது சூழ்ச்சிதான். நிர்வாகத்தின் சூழ்ச்சி என்று ஆயிரம் நோட்டீஸில் எழுதியவனுக்கு ஒரு சூழ்ச்சி செய்யத் தெரியாதா.

படத்தை நான் பார்த்ததில்லை. யாளிநிலம், ஆறு பாகம், பன்னிரண்டு வருஷம், இது கடைசி. ஒன்றுக்குக்கூட உள்ளே போய் உட்கார்ந்ததில்லை. ஆனால் கதை முழுக்க எனக்குத் தெரியும், வண்டி எடுக்க வருகிறவர்கள் வாயிலிருந்து சொட்டுச் சொட்டாகச் சேர்த்தது. நெய்தலி என்று ஒரு பெண், குட்டியிலிருந்து அவள் வளர்த்த யாளி, அதன்மேல் ஏறினால் கடலைத் தாண்டுவாள். எதிரே இரும்புவேந்தன், ஏழு கோட்டை கட்டி அவளுடைய சனத்தை அதற்குள் அடைத்து வேலை வாங்குகிறவன். ஐந்து பாகமாக அடித்துக்கொண்டார்கள். ஆறாவதில், கடைசியில், முரசு நின்ற பிறகு, அவள் தனியாக அவனிடம் நடந்து போய் யாளியைக் கொடுத்துவிடுகிறாள். அவன் ஏழு கோட்டையையும் திறந்துவிடுகிறான். சனங்கள் வீட்டுக்கு நடக்கிறார்கள். அவள் கரையில் வெறுங்கையோடு நிற்கிறாள். அவ்வளவுதான் படம். நேற்று முதல் காட்சி விட்டதும் பாதிப் பேர் அழுதுகொண்டு வந்தார்கள், பாதிப் பேர் வாசலில் கட்டியிருந்த அவளுடைய பிளெக்ஸைக் கிழித்தார்கள், கிழித்ததை அழுதவர்கள் ஒட்டினார்கள். நான் டோக்கனை வாங்கிக்கொண்டே யோசித்தேன், இதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாமே, இந்தப் படத்தை நான் இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் மில் கேட்டில் எடுத்து முடித்துவிட்டேனே என்று. தொண்ணூற்றேழு நாள் வேலைநிறுத்தம். அறுநூற்றுப் பன்னிரண்டு பேர். தொண்ணூறாவது நாளிலிருந்து மில்லின் பின்பக்கம் வேன் நுழையும் கதவு வழியாக ஒருவர் இருவராக உள்ளே போக ஆரம்பித்தார்கள், அன்றைக்குப் பதினோரு பேர், அடுத்த நாள் பத்தொன்பது. சங்கத்தில் எனக்கு அடுத்து நின்ற வெள்ளிங்கிரி, இன்னும் பத்து நாள் மருதா, அவனுக இறங்கி வருவானுக என்றான். பத்து நாளில் கேட்டுக்கு வெளியே நாங்கள் இரண்டு பேரும் கொடிக்கம்பமும்தான் இருந்திருப்போம். சங்கத் தலைவனாக நான் நிர்வாகத்தின் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டேன். ஒன்பது பேரைத் தவிர எல்லோருக்கும் வேலை. ஒன்பதில் முதல் பெயர் மருதாசலம், அதை என் கையாலேயே எழுதினேன். நிர்வாகம் கொண்டுவந்த பட்டியலில் பத்துப் பேர் இருந்தது என்பதும், இரண்டாவது பெயர் யாருடையது என்பதும், அதை அடிப்பதற்கு நான் எத்தனை மணிநேரம் அந்த மேசையைவிட்டு எழாமல் இருந்தேன் என்பதும் என் பெண்டாட்டிக்குக்கூடத் தெரியாது. அதற்குப் பிறகு மில் பதினோரு வருஷம் ஓடியது. பதினோரு வருஷம் அறுநூறு வீட்டில் அடுப்பு எரிந்தது. இன்றைக்கு அந்த இடத்தில் அடுக்குமாடி நிற்கிறது, அதன் வாட்ச்மேன் என்னை உள்ளே விடமாட்டான், போகட்டும், பதினோரு வருஷம் பதினோரு வருஷம்தான். என்னைத் துரோகி என்று சுவரில் எழுதியவனுடைய மகன் அந்தப் பதினோரு வருஷத்தில் பாலிடெக்னிக் முடித்தான். எனக்கு வெட்கமில்லை. எந்தக் கூட்டத்திலும் எழுந்து சொல்வேன், எனக்கு வெட்கமில்லை.

தாழ்ப்பாள். வந்துவிட்டார்கள். முதலில் ஓடி வருகிறவர்கள் எப்போதும் கோபக்காரர்கள், அழுகிறவர்கள் திரையில் பெயர்கள் எல்லாம் ஓடி முடிகிறவரைக்கும் உட்கார்ந்திருப்பார்கள். ஏன்டா, ஆறாங்கிளாஸ் படிக்கறப்ப மொதப் பாகம் பாத்தேன், இதுக்கா, இதுக்காடா பன்னெண்டு வருசம் காத்துக் கெடந்தோம். டேய், இதுதான்டா முடிவு, எனக்கு அழுகையே வந்துருச்சு. உனக்கு நகைக்கடை விளம்பரம் பாத்தாலே அழுகை வரும். எண்பத்திரண்டு, கறுப்பு வண்டி, இந்தப் பக்கம் வா தம்பி. ஒரு தாய் இடுப்பில் குழந்தையோடு நிற்கிறாள், குழந்தை, யாளி திரும்பி வந்துருமாம்மா என்கிறது, வரும் சாமி, ஏழாம் பாகத்துல வரும் என்கிறாள், பக்கத்தில் கண்ணாடி போட்ட ஒருவன், ஏழாம் பாகமெல்லாம் கெடையாதுங்க, இதோட முடிஞ்சுது என்று விளக்கம் சொல்கிறான், அவள் பார்த்த பார்வையில் அவன் ஹெல்மெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டான். நூற்றிநாலு. நூற்றி அறுபது. டோக்கன்கள் மடியில் விழுகின்றன, உள்ளங்கைச் சூட்டோடு விழுகின்றன, மூன்று மணிநேரம் இறுக்கிப் பிடித்திருக்கிறார்கள். தாடி வைத்த ஒரு பையன் ஸ்டாண்டைக் காலால் உதைத்து எடுத்துவிட்டு, துரோகிடா அவ, சனத்தக் காட்டிக் குடுத்த துரோகி என்றான். என் கழுத்துக்குப் பின்னால் சுடுகிறது. இருபத்தெட்டு வருஷமாகியும் அந்தச் சொல் அதே இடத்தில்தான் சுடுகிறது. தம்பி, சித்த நில்லு என்றேன். யாளியக் குடுக்காம இருந்திருந்தா அந்த ஏழு கோட்டைச் சனம் என்ன ஆயிருக்கும்? சண்டை போட்டிருக்கணுமுங்க. யாரு, நீயா? அவனுடைய கூட்டாளிகள் சிரித்தார்கள். அவனும் பாதி சிரித்துவிட்டான், பாதி முறைத்தான், இதென்ன, ஸ்டாண்டுத் தாத்தாவும் அவ கட்சியா, போச்சாது, பரவால்ல, இந்தாங்க டோக்கன் என்று மடியில் போட்டுவிட்டுக் கிளம்பினான். நான் கட்சி மாறாதவன் என்று அவன் முதுகுக்குச் சொன்னேன். அவன் வண்டிப் புகைதான் மிஞ்சியது. கடைசி வரிசையைப் பார்க்கிறேன், மதிலை ஒட்டி வெள்ளை ஸ்கூட்டி, இன்னும் இருக்கிறது. கதவைப் பார்க்கிறேன். இன்னும் வரவில்லை. பெயர்கள் ஓடி முடிகிறவரை உட்கார்ந்திருக்கிறானா? அவன் எந்தக் கூட்டத்திலும் நன்றியுரைக்கு நின்றவன் இல்லையே.

ஏனுங்ணா, எழுதீட்டீங்களா என்று ஜெகதீஸ் வந்து குனிகிறான். ரசிகர் மன்றச் செயலாளர், நேற்றிலிருந்து தூங்காத கண், வேட்டியில் நெய்தலி கட்அவுட்டுக்கு ஊற்றிய பாலின் வாடை. இடைவேளையிலேயே வந்து ஒரு தாளும் பேனாவும் கொடுத்துவிட்டுப் போனான், அந்தக் காலத்துல நீங்க எழுதுன நோட்டீஸ் படிச்சா செத்தவன் எந்திரிச்சு நிப்பான்னு எங்கப்பன் சொல்லும், நாளைக்குப் போஸ்டருக்கு நாலே வரி எழுதிக் குடுங்க என்று. என்ன வேணும் என்றேன். படம் ஒருத்தர் விடாம எல்லாருக்கும் பிடிச்சிருச்சுன்னு வரணும், கிழிச்சவனுக எல்லாம் மூடிக்கோணும் என்றான். தாளை முழங்காலில் வைத்து இரண்டு வரி எழுதினேன், கை தானாகப் போகிறது, பழைய பழக்கம். நான் நாலாம் வகுப்பு. என் தமிழ் முழுவதும் நோட்டீஸில் படித்த தமிழ். அறைகூவல் என்ற சொல்லை நோட்டீஸில்தான் முதலில் பார்த்தேன், வர்க்கம், வஞ்சகம், அணிதிரள்வீர் எல்லாம் அங்கே பொறுக்கியது, பஞ்சு மெத்தைக்குள் பஞ்சுபோல அப்படியே அடைத்து வைத்திருக்கிறேன், கையை விட்டால் வந்துகொண்டே இருக்கும். மூன்றாவது வரிக்குக் கை போய், ரசிகப் பெருமக்கள் ஏகமனதாக, என்று எழுதி, நின்றுவிட்டது. அங்கே நின்றதுதான். கேட் கூட்டத்துக்கென்று ஒரு வழக்கம் உண்டு. தீர்மானத்தைப் படிப்போம், கை தூக்கச் சொல்வோம், எத்தனை கை எழுந்தாலும் எத்தனை கை தாழ்ந்திருந்தாலும் அடுத்த நாள் நோட்டீஸில் ஏகமனதாக நிறைவேறியது என்றுதான் போடுவோம். எங்களுக்கு முன்னால் இருந்தவர்களும் அப்படித்தான் போட்டார்கள். பாதிப் பேர் எதிர்த்தார்கள் என்று எழுதினால் நிர்வாகம் அந்தப் பிளவுக்குள் கையை விட்டுக் கிழித்துவிடும், ஒற்றுமை என்பது அச்சிலாவது இருக்க வேண்டும். சரியான வழக்கம்தான். தொண்ணூற்றேழாவது நாள் நான் பெஞ்சின்மேல் நின்று ஒப்பந்தத்தைப் படித்தேன், ஏற்கிறவர்கள் கை தூக்குங்கள் என்றேன், கைகள் எழுந்தன, நிறைய எழுந்தன, யாரும் பொய் என்று சொல்ல முடியாது, பெரும்பான்மை பெரும்பான்மைதான். ஆனால் பெஞ்சுக்கு நேர் கீழே, கை நீட்டினால் தொட்டுவிடும் தூரத்தில், வெள்ளிங்கிரி கைகளை மார்போடு கட்டிக்கொண்டு நின்றான். கட்டிய கையோடு என்னையே பார்த்தான். மறுநாள் காலை ஏகமனதாக என்ற சொல்லோடு நோட்டீஸ் வந்தது. டீக்கடையில் வைத்து அதை முழுக்கப் படித்தான், மடித்தான், நேராக என்னிடம் வந்து ஒரே ஒரு வார்த்தை கேட்டான். மருதா, என் கை எங்க? அவ்வளவுதான். ஒப்பந்தத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை, துரோகி என்று சொல்லவில்லை, சொல்லியிருந்தால் நான் ஒரு மணிநேரம் பதில் பேசியிருப்பேன். வேலை இருந்தும் மில்லுக்குள் அவன் போகவில்லை. நாற்பத்தாறு வயதில் திருப்பூருக்குப் போய் பனியன் கம்பெனியில் கட்டிங் பழகினான். ஜெகதீஸ் தாளுக்குக் கை நீட்டுகிறான். நான் அந்தச் சொல்லை அடித்தேன். பாதிப் பேருக்குப் பிடிக்கலை ஜெகதீஸ், அதையும் சேத்துப் போடு, அப்பத்தான் நம்புவாங்க என்றேன். ஏனுங்ணா, வெளையாடறீங்களா, போஸ்டர்ல போயி பாதிப் பேருக்குப் பிடிக்கலைன்னு எவனாச்சும் ஒட்டுவானா, சொந்தக் காசுல சூனியம் வச்சுக்கற மாதிரி, என்று சிரித்துவிட்டு, தாளைப் பிடுங்கிக்கொண்டு போகிறான். அவனே எழுதிக்கொள்வான். அந்தச் சொல் அவனுக்கும் தெரியும், எல்லோருக்கும் தெரியும்.

ஸ்டாண்டு காலியாகிறது. வெயில் மதிலுக்கு மேலே ஏறிவிட்டது, தரையில் எண்ணெய்ச் சொட்டுகள், நசுங்கிய பாப்கார்ன், இன்னும் முப்பது வண்டி, இருபத்தைந்து. அழுதவர்கள் இப்போது வருகிறார்கள், மெதுவாக, சாவு வீட்டிலிருந்து வருகிறவர்களைப் போல ஒருவரோடு ஒருவர் தணிந்து பேசிக்கொண்டு. எண்ணிய டோக்கனையே நான் மறுபடி எண்ணுகிறேன். இது பயமா? லத்திக்குப் பயப்படாதவனுக்கு எழுபத்துநாலு வயதுக் கிழவனிடம் என்ன பயம். அவன் என்ன சொல்வான்? ஒன்றும் சொல்லாமல் போய்விடுவான், பேத்தி டோக்கனைக் கொடுப்பாள், நான் வாங்குவேன், அவன் இடது தோளை முன்னால் தள்ளி ஏறி உட்காருவான், முடிந்தது, அதற்குப் பிறகு நாங்கள் இருவரில் ஒருவன் செத்தால் மற்றவன் மாலை கொண்டுபோகலாமா வேண்டாமா என்று யோசிப்பான். நான் என்ன சொல்வேன் என்பதைத்தான் இருபத்தெட்டு வருஷமாகத் தயார் செய்திருக்கிறேன். பதினோரு வருஷம் என்பேன். அறுநூறு அடுப்பு என்பேன். அதற்கும் அசையாவிட்டால் கடைசி ஆயுதம் இருக்கிறது, பட்டியல் பத்துப் பேருடா, இரண்டாவது பெயர் உன்னுடையது, அதை அடித்தவன் நான். இதைச் சொன்னால் அவன் விழுந்துவிடுவான். ஒரு சொல்லில் ஜெயித்துவிடலாம். ஆனால் இது எதுவும் அவன் கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை என்பது, இதோ, இந்த நாற்காலியில், இன்றைக்குத்தான் சுருக்கென்று தைக்கிறது. அவன் ஏன் கையெழுத்துப் போட்டாய் என்று கேட்கவே இல்லை. இந்தப் பையன்களைப் பார், பன்னிரண்டு வருஷம் ஒன்றாக வரிசையில் நின்றவர்கள், ஒருவன் கிழித்தான் ஒருவன் ஒட்டினான், ஆனாலும் ஒரே வண்டியில் மூன்று பேராக ஏறிக் கத்திக்கொண்டே போகிறார்கள், எனக்குப் பிடிக்கலை என்று ஒருவன் கத்த, மற்றவன் காது கொடுக்கிறான். நாங்கள் அதைச் செய்யவில்லை. நான் செய்யவில்லை. செய்த முடிவு சரி. அதை இன்றைக்கும் செய்வேன். எழுதியது பொய்.

கதவில் அவன். பேத்தியின் கண் இரண்டும் வீங்கியிருக்கிறது, கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டு வருகிறாள், இல்ல தாத்தா, அவ செஞ்சதுதான் கரெக்ட்டு, வேற வழியே இல்ல. அவன் நடையை நிறுத்தாமல், கரெக்ட்டு இல்லைன்னு நான் எங்க கண்ணு சொன்னேன், கோட்டைக்குள்ள இருந்த சனத்துல எவனுக்கு வேண்டாம்னு இருந்துச்சோ, அவனை ஒரு தரமாச்சும் காட்டுனாங்களா, எல்லாரும் சிரிச்சுட்டே வீட்டுக்குப் போறானுக என்கிறான். குரல் அதே குரல், கொஞ்சம் உமி கலந்திருக்கிறது. எனக்காகச் சொன்னதா, அவளுக்காகவா, தெரியவில்லை, ஆனால் எனக்குக் கேட்கிற அளவுக்குச் சொன்னான். பேத்தி டோக்கனை நீட்டுகிறாள். நான் வாங்கவில்லை. எழுந்து நின்றேன், முழங்கால் சொடுக்கியது. நாப்பத்தொரு பேரு, என்றேன். அவன் என்னைப் பார்க்கவில்லை, மதிலைப் பார்த்தான். கை தூக்காதவங்க நாப்பத்தொரு பேரு வெள்ளிங்கிரி. பெஞ்சு மேல நின்னு எண்ணினேன். எண்ணிட்டுத்தான் ஏகமனதாகன்னு எழுதினேன். கையெழுத்துப் போட்டதுக்கு இப்பவும் நான் வருத்தப்பட மாட்டேன், எதிர்ல எவன் வந்தாலும் சொல்லுவேன். ஆனா நாப்பத்தொரு பேரு. பேத்தி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்க்கிறாள். நாக்கின் நுனியில் நான் அடித்த அந்த இரண்டாவது பெயர் வந்து நிற்கிறது, தள்ளினால் விழும், நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். அதைச் சொல்லி இவனை ஜெயித்தால் இவனுடைய கையை இரண்டாம் தரமும் எடுத்துக்கொண்டவன் ஆவேன். அது என்னோடு போகட்டும். அவன் மதிலிலிருந்து என் பக்கம் திரும்பினான். பிறகு, நாப்பத்திமூணு, என்றான். என்னது? நாப்பத்தொண்ணு இல்ல, நாப்பத்திமூணு, தண்ணித் தொட்டிக்கு அக்கட்ட ரெண்டு பேரு நின்னானுக, பெஞ்சுல இருந்து உனக்குத் தெரிஞ்சிருக்காது. எனக்குச் சுர்ரென்று வந்தது. தொட்டிக்கு அக்கட்ட நின்னவனுக கஞ்சி ஊத்த வந்த சமையக்காரனுகடா, மில் ஆளே இல்ல. என்றா சமையக்காரன், ஸ்பின்னிங் ஆளுக ரெண்டு பேரு, உன்ற கண்ணு அன்னைக்கே அப்படித்தான். பேரு சொல்லு பாக்கலாம். சொன்னா என்ன பண்ணுவே? மொதல்ல சொல்லு, நாப்பத்திமூணு பேரும் சொல்லு, ஒருத்தன் குறைஞ்சாலும் விடமாட்டேன். தாத்தா, படத்துல தண்ணித்தொட்டியே இல்லியே என்றாள் அந்தப் பிள்ளை. இரு கண்ணு, என்று அவன் கையமர்த்திவிட்டு, என் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான், என்னுடைய நாற்காலியில், கேட்காமல். சுண்டுவிரலை நிமிர்த்தி என் முகத்துக்கு நேராகக் காட்டினான். ஒண்ணு, நானு, என்றான். சரி, என்றேன், அதுல தகராறு இல்ல, ரெண்டாவது ஆளைச் சொல்லு.